எடை குறைக்கிற ஊசி போட்டதும் குடி ஆசை குறைஞ்சுடுச்சு, இது மருந்தா மனசா, அண்ணனுக்கும் குடுக்கலாமா?

உங்க கேள்வியில மூணு விஷயம் இருக்கு. சுகருக்கும் எடைக்குமா சேர்த்து மவுன்ஜாரோ ஊசி ஆரம்பிச்சு சில மாசம் ஆகுது, முன்னாடி வாரத்துல நாலு நாள் ராத்திரி ஒரு குவார்ட்டர் போயிக்கிட்டு இருந்தது, இப்ப ஒரு லார்ஜ் ஊத்தினா அதுவே பாதில நிக்குது, வெறுப்பெல்லாம் இல்ல, நினைப்பே வரலன்னு எழுதியிருக்கீங்க. இது மருந்து செய்யுற வேலையா, இல்ல நானா நினைச்சுக்கிறதான்னு கேக்குறீங்க. ஊசிய நிறுத்தினா பழையபடி வந்துடுமான்னு அடுத்து. மூணாவதை போற போக்குல கேட்ட மாதிரி கடைசி வரில வச்சிருக்கீங்க, ஆனா நீங்க எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்னு எனக்கு படுது. அண்ணன் காலைல எழுந்ததுமே குடிக்கிறார், ஆஸ்பத்திரின்னு சொன்னாலே சண்டை, ஆளும் ஒல்லியாயிட்டே போறார், இந்த வகை மருந்து மாத்திரையாவும் வருதாமே, அண்ணிகிட்ட குடுத்து சாப்பாட்டுல கலந்துட்டா அவருக்கும் இப்படி ஆசை விட்டுப்போகுமான்னு.

நான் மனநல மருத்துவர், குடிநோய் சிகிச்சைதான் பல வருஷமா என் அன்றாட வேலை. சுகர் டாக்டர் இல்ல, அதனால உங்க ஊசி டோஸை ஏத்துறது இறக்குறது பத்தி எதுவும் சொல்லமாட்டேன், அது உங்களுக்கு எழுதிக் குடுத்தவர் முடிவு. அண்ணன் விஷயத்துக்கு மட்டும் பதிலை இப்பவே சொல்லிடுறேன், யாராவது பாதிலேயே படிச்சுட்டு போயிட்டாலும் இது தெரிஞ்சிருக்கணும்: கலந்து குடுக்காதீங்க. ஏன்னு பின்னாடி விவரமா வரேன்.

முதல் கேள்வி. நீங்களா நினைச்சுக்கிறது இல்ல. இதை என்னால ஓரளவு தைரியமாவே சொல்ல முடியும், ஏன்னா இந்த மருந்துகள் பரவலா புழக்கத்துக்கு வந்ததுல இருந்து உலகம் முழுக்க ஆளுங்க இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க, அதுவும் யாரும் கேக்காமலே. எடைக்காக போட்ட ஊசி, ஆனா சிகரெட் குறைஞ்சுது, சரக்கு குறைஞ்சுதுன்னு. எங்க ஓ.பி.க்கு வர்றவங்ககிட்டயும் இந்த பேச்சை இப்ப கேக்குறேன், இந்தியாவுல மவுன்ஜாரோ 2025 மார்ச்லயும், இதே மாதிரி இன்னொரு எடை ஊசியான வீகோவி அதே வருஷம் ஜூன்லயும் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் இங்க இந்த பேச்சு கூடியிருக்கு. ஆளுங்க சொல்றது மட்டும் ஆதாரம் ஆகாதுங்கிறது உண்மைதான், ஆனா இதுக்கு உடம்புக்குள்ள காரணம் இருக்கு.

ஜிஎல்பி-1ங்கிறது நாம சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஹார்மோன், இந்த ஊசிகள் அதை மாதிரியே வேலை செய்யுற மருந்துகள். இன்சுலினை தூண்டும், வயிறு காலியாகுறதை மெதுவாக்கும், போதும்னு மூளைக்கு சேதி அனுப்பும். இயற்கையா சுரக்கிறது ரெண்டு நிமிஷம்கூட ரத்தத்துல தங்காது, உடனே உடைஞ்சு போயிடும். மருந்தா செஞ்சப்ப அதை உடையாத மாதிரி மாத்தியிருக்காங்க, வீகோவில இருக்கிற செமாக்ளூட்டைட் ரத்தத்துல பாதியா குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், உங்க மவுன்ஜாரோவுல இருக்கிற டிர்செபடைடுக்கு ஒரு அஞ்சு நாள் (அது ஜிஎல்பி-1 கூட ஜிஐபிங்கிற இன்னொரு ஹார்மோன் வேலையையும் சேர்த்து செய்யுது). இந்த ஹார்மோன் போய் ஒட்டிக்கிற இடங்கள் கணையத்துலயும் குடல்லயும் மட்டும் இல்ல, மூளையில எது நமக்கு வேணும், எதை தேடிப் போகணும்னு முடிவு பண்ற பகுதிகள்லயும் இருக்கு. சாராயம் அங்கதான் டோபமைனை ஏத்திவிடுது, "இன்னொண்ணு ஊத்து"ங்கிற உந்துதலுக்கு அது முக்கியமான காரணம். சுவீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துல எலிசபெட் யெர்ல்ஹாக் குழுவினர் பல வருஷமா எலிகள்ல இதை பார்த்துட்டு வர்றாங்க, இந்த வகை மருந்து குடுத்தா சாராயத்துக்கு எழும்புற டோபமைன் மழுங்குது, எலிகள் குடிக்கிற அளவும் குறையுது. குரங்குகள்லயும் குடிக்கிற அளவு குறைஞ்சதை பார்த்திருக்காங்க.

அதனாலதான் நீங்க எழுதுன அந்த "வெறுப்பு இல்ல, நினைப்பே வரல"ங்கிற வரி எனக்கு முக்கியமா பட்டுச்சு. குமட்டல்னால குடிக்க முடியாம போறது வேற, நினைப்பு எழும்பாம இருக்கிறது வேற. வயிறு நிறைஞ்சிருக்கிறப்ப பக்கத்து வீட்டு பிரியாணி வாசனை வந்தா நல்லா இருக்குன்னு தெரியும் ஆனா கால் அந்தப் பக்கம் போகாது பாருங்க, அந்த மாதிரி. ஊசி ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல குமட்டல் நிறைய பேருக்கு இருக்கும், அப்ப குறையுற குடிக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். குமட்டல் போனப்புறமும் மாசக்கணக்குல ஆசை வரலன்னா அதுக்கு மேல வேற ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்.

வயிறு மெதுவா காலியாகுறதும் இதுல ஒரு கணக்கு. சாராயம் பெரும்பாலும் சிறுகுடல்லதான் ரத்தத்துல ஏறுது, வயித்துலயே தேங்கிச்சுன்னா மெதுவா ஏறும், அந்த "கிக்" சட்டுனு கிடைக்காது. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக்ல 20 பேரை வச்சு செஞ்ச சின்ன ஆய்வு ஒண்ணு 2025ல வந்துச்சு, இந்த மருந்து எடுத்தவங்களுக்கு அதே அளவு குடிச்சும் ஆல்கஹால் மெதுவா ஏறுச்சு, போதையா உணர்ந்ததும் குறைவு. இதுல நல்லதும் இருக்கு, ஒரு ஆபத்தும் இருக்கு. ஏறலைன்னு நினைச்சு வண்டிய எடுத்துடாதீங்க. உள்ள போன சரக்கு காணாம போகல, தாமதமா வருது அவ்வளவுதான். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்ங்கிறதுதான் நம்ம சட்டத்துல இருக்கிற எல்லை, உங்களுக்கு எப்படி இருக்குன்னு அந்த மெஷின் கேக்காது.

இனி மனுஷங்கள்ல நிரூபணம் எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம், ஏன்னா இங்கதான் யூட்யூப் வீடியோக்கள் தாண்டிக் குதிக்குது. 2025 பிப்ரவரில ஜாமா சைக்கியாட்ரி இதழ்ல வந்த ஆய்வு நல்லா வடிவமைச்ச ஒண்ணு. குடிநோய் இருக்கிற 48 பேர், பாதிப்பேருக்கு குறைஞ்ச டோஸ் செமாக்ளூட்டைட், பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி, 9 வாரம். மருந்து போட்டவங்க ஆய்வுக்கூடத்துல உக்கார வச்சு ஊத்திக் குடுத்தப்ப குறைச்சலா குடிச்சாங்க, வீட்டுல குடிக்கிற நாள்ல குடிக்கிற அளவும் குறைஞ்சுது, ஏக்கமும் குறைஞ்சுது. ஆனா குடிக்கிற நாட்களோட எண்ணிக்கை மருந்தில்லாத குழுவைவிட பெருசா குறையல. அதாவது கிளாஸ் எடுத்தாங்க, அளவுதான் சுருங்குச்சு, நீங்க சொல்ற அந்த பாதி லார்ஜ் கதையோட இது அப்படியே ஒத்துப் போகுது. ஆனா ஒண்ணை கவனிங்க, இந்த 48 பேரும் குடியை நிறுத்தணும்னு சிகிச்சைக்கு வந்தவங்க கிடையாது. காலைல கை நடுங்கி குடிக்கிற ஆளை வச்சு செஞ்ச ஆய்வு இல்ல இது.

சுவீடன்ல இன்னொரு வேலை நடந்திருக்கு, குடிநோய்னு பதிவான 2 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட அரசு பதிவேடுகளை வச்சு. செமாக்ளூட்டைட் எடுத்துக்கிட்டு இருந்த காலத்துல குடியினால ஆஸ்பத்திரில சேர்ற அபாயம் 36 சதவீதமும், இதே வகையில இன்னொரு மருந்தான லிராகுளூட்டைட் எடுத்த காலத்துல 28 சதவீதமும் குறைவா இருந்துச்சு. அதே ஆளை மருந்து எடுத்த காலத்துலயும் எடுக்காத காலத்துலயும் வச்சு ஒப்பிட்டதுனால கொஞ்சம் நம்பலாம், இருந்தாலும் பதிவேட்டு ஆய்வு பதிவேட்டு ஆய்வுதான். ஒருத்தர் எடை குறைக்க கிளம்புற காலமே அவர் வாழ்க்கையில உடம்பை கவனிக்க ஆரம்பிச்ச காலமா இருக்கும், அதை மருந்தோட வேலையில இருந்து முழுசா பிரிச்செடுக்க முடியாது.

இப்ப சொல்லப்போறது உங்க அண்ணனை நினைச்சு சொல்றது, இதை நிதானமா படிங்க. டென்மார்க்ல 127 குடிநோயாளிகளை வச்சு, எக்ஸனடைடுங்கிற இதே வகையிலான பழைய மருந்தை வாரம் ஒரு ஊசியா 26 வாரம் குடுத்துப் பார்த்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு. மொத்தமா பார்த்தா மருந்து ஜெயிக்கல, டம்மி ஊசியோட வித்தியாசம் தெரியல. உள்ள பிரிச்சுப் பார்த்தப்ப, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 30க்கு மேல இருக்கிற குண்டானவங்களுக்கு அதிகமா குடிக்கிற நாட்கள் குறைஞ்சிருந்துது. பிஎம்ஐ 25க்கு கீழ இருக்கிற ஒல்லியானவங்களுக்கோ அதிகமா குடிக்கிற நாட்கள் கூடியிருந்துச்சு. இது சின்ன சின்ன குழுவா பிரிச்சதுல வந்த கணக்கு, கல்லுல எழுதின உண்மையா எடுத்துக்கக் கூடாது. ஆனா ஒல்லியான குடிநோயாளிக்கு இந்த மருந்தை குடுக்கலாம்னு சொல்ல எங்கயுமே தெம்பான ஆதாரம் இல்ல, எதிரா ஒரு அறிகுறி இருக்குங்கிறது மட்டும் நிச்சயம்.

அண்ணன் ஒல்லியாயிட்டே போறார்னு எழுதியிருக்கீங்க. நம்ம பக்கம் நாள்பட்ட குடிநோயோட வர்ற நிறைய பேரு இப்படித்தான், சாப்பாட்டுக்கு பதிலா சரக்கு, தசை கரைஞ்சு தோள்பட்டை எலும்பு தெரியும், கல்லீரல் ஏற்கனவே கெட்டிருக்கும். அவருக்கு பசியை அடக்குற, வாந்தி வரவைக்கக்கூடிய மருந்தை குடுத்தா என்ன ஆகும்? இருக்கிற கொஞ்ச நஞ்ச சாப்பாடும் போகும். குடிநோயாளிக்கு வைட்டமின் பி1, அதான் தயமின், ஏற்கனவே குறைவாத்தான் இருக்கும், இதுல வாந்தியும் பட்டினியும் சேர்ந்தா வெர்னிக்கேன்னு ஒரு மூளை பாதிப்பு வரலாம், கண்ணு அலையும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிடுவார், பாக்குறவங்க போதைன்னு விட்டுடுவாங்க. நேரத்துக்கு தயமின் ஊசி போடலன்னா ஞாபகசக்தியே நிரந்தரமா போயிடலாம். கணையத்துக்கும் இதே கதைதான், அதிக குடியே கணைய அழற்சிக்கு பெரிய காரணம், இந்த மருந்துகளோட லேபிள்லயும் அந்த எச்சரிக்கை இருக்கு.

கலந்து குடுக்குற மாத்திரை விஷயம். மாத்திரையா வர்றது உங்க மருந்து இல்ல, செமாக்ளூட்டைட், ரைபெல்சஸ்ங்கிற பேர்ல. அதை வெறும் வயித்துல, அரை டம்ளருக்கு மேல போகாத தண்ணியோட முழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாம இருந்தாத்தான் உடம்புல ஏறும், அப்பவும் கொஞ்சம்தான் ஏறும். சாம்பார்ல பொடிச்சு போட்டா காசுதான் கரையும். ஆனா அது வேலை செய்யாதுங்கிறதைவிட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல டைசல்ஃபிராம் மாத்திரையை இப்படி தெரியாம கலந்து குடுக்குற பழக்கம் இருக்கு, மருந்து உள்ள இருக்கிறப்ப குடிச்சா முகம் சிவந்து, படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி, உயிரே போகலாம். அப்படி கொண்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். குடுத்தது மனைவியோ அம்மாவோ, அவ்வளவு பாசத்துல குடுத்தது. ஒருத்தர் உடம்புக்குள்ள அவருக்கே தெரியாம மருந்து போடுறது எந்த மருந்தா இருந்தாலும் தப்புதான், அது வெளிய தெரிஞ்ச அன்னைக்கு அப்புறம் அந்த வீட்டுல யார் சோறு போட்டாலும் அவர் நம்ப மாட்டார், சிகிச்சைக்கும் வரமாட்டார். அண்ணிகிட்ட இதை நீங்க பொறுமையா எடுத்துச் சொல்லணும், அவங்க எவ்வளவு தவிச்சா இப்படி ஒரு வழி மனசுல வரும்னு எனக்கு புரியுது.

இன்னொரு விபரீதமும் இருக்கு. ஒருவேளை ஆசை நிஜமாவே சட்டுனு குறைஞ்சுடுதுன்னே வைங்க. காலைலேயே குடிக்கிற ஆள், குடிக்கலைன்னா கை நடுங்குற ஆள், திடீர்னு நிறுத்தினா அதுவே ஆபத்து. ஆறு மணி நேரத்துல இருந்து ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு உளறல், இல்லாதது கண்ணுக்கு தெரியுறது, காய்ச்சல், வேர்வைன்னு டெலிரியம் ட்ரெமன்ஸ் வரலாம், கவனிக்காம விட்டா சாவு வரைக்கும் போகும். எடை குறைக்கிற ஊசி இந்த வித்ட்ராயலை தடுக்காது. அதுக்கு வேற மாத்திரை, வேற முறை, தயமின் ஊசியோட ஆஸ்பத்திரில வச்சு செய்யணும்.

இத்தனைக்கும் குடிநோய்க்குன்னே மருந்து இருக்கு, அதைப்பத்தி யாரும் பேசுறதில்லைங்கிறதுதான் என் ஆதங்கம். நால்ட்ரெக்ஸோனை அமெரிக்காவுல குடிநோய்க்கு 1994லயே அனுமதிச்சாங்க, அகாம்ப்ரோசேட்டை 2004ல. ரெண்டும் இங்கயும் கிடைக்குது, மவுன்ஜாரோ விலையோட ஒப்பிட்டா ரொம்ப குறைவு. அற்புதமெல்லாம் பண்ணாது, ஏறக்குறைய 12 பேருக்கு குடுத்தா ஒருத்தர் கூடுதலா தப்பிக்கிறார், நால்ட்ரெக்ஸோன்னா பழைய அளவுக்குப் போகாம, அகாம்ப்ரோசேட்னா மறுபடி கிளாஸையே தொடாம. ஆனா இது பல வருஷம், ஆயிரக்கணக்கான நோயாளிகள்ல சோதிச்ச 12. கல்லீரல் நிலைமையைப் பார்த்துத்தான் எதுன்னு முடிவு பண்ணணும், நால்ட்ரெக்ஸோனை கல்லீரல் ரொம்ப மோசமா இருந்தா தவிர்ப்போம், அகாம்ப்ரோசேட்டுக்கு கிட்னி பாக்கணும். எடை ஊசி வகையை, நான் இதை எழுதுற வரைக்கும், குடிநோய் மருந்துன்னு அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதிக்கல, இங்கயும் குடிநோய்க்கு அனுமதி இல்ல. நாளைக்கு மாறலாம், மாறும்னுதான் நானும் எதிர்பாக்குறேன், குறிப்பா பருமனும் குடியும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு.

சரி, உங்க ரெண்டாவது கேள்வி, நிறுத்தினா திரும்புமா. எடை திரும்புறது நல்லா தெரிஞ்ச விஷயம், செமாக்ளூட்டைட் நிறுத்தி ஒரு வருஷத்துல குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பினதா ஆய்வு இருக்கு. குடி ஆசைக்கு அப்படி தெளிவான கணக்கு இன்னும் வரல. மருந்து மூளையில செய்யுற வேலையை வச்சு யோசிச்சா, மருந்து போனதும் பழைய இழுப்பு கொஞ்சமாவது எழும்பும்னு எதிர்பாக்குறதுதான் புத்திசாலித்தனம். டிர்செபடைட் முழுசா வெளியேற ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், அதனால நிறுத்தின மறுநாளே தெரியாது, பின்னாடிதான் மெல்ல வரும். அப்ப ஒரு ஆபத்து, மாசக்கணக்குல குடிக்காத உடம்புக்கு பழைய தாங்கும் சக்தி இருக்காது. பழைய குவார்ட்டரை பழைய வேகத்துல அடிச்சா உடம்பு தாங்காது.

அதனால இப்ப கிடைச்சிருக்கிற இந்த அமைதியான காலத்தை வீணாக்காதீங்கன்னு மனசார கேட்டுக்குறேன். உங்க கணக்கையே எடுத்துக்குவோம், 180 மில்லி பிராந்தியோ விஸ்கியோ 42.8 சதவீதம்னா அதுல சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். ஒரே இருப்புல 60 கிராம்ங்கிறதுதான் உலக சுகாதார நிறுவனம் அதீத குடின்னு வச்சிருக்கிற அளவு, நீங்க அதை வாரத்துல நாலு நாள் செஞ்சுக்கிட்டு இருந்தீங்க. "நான் அண்ணன் மாதிரி இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க, உண்மைதான், ஆனா குறைச்சல் அளவும் இல்ல. இழுப்பு இல்லாதப்ப சாயங்காலம் ஏழு மணியை வேற எதுலயாவது நிரப்புறது சுலபம், கூட உக்காருற நண்பர்கள்கிட்ட இப்ப குடிக்கிறதில்லன்னு சொல்றது சுலபம், இழுப்பு வந்தப்புறம் அதையே செய்யுறது ரொம்ப கஷ்டம். எடைக்காக வயித்துல பைபாஸ் ஆபரேஷன் செஞ்சவங்கள்ல ஒரு பகுதியினருக்கு ரெண்டாவது வருஷத்துல குடிநோய் அதிகமானதை அமெரிக்காவுல 2012லயே பதிவு பண்ணியிருக்காங்க, எடை குறைஞ்சா குடியும் தானா குறையும்ங்கிறது பொதுவிதி இல்ல.

உங்க பாதுகாப்புக்கு ரெண்டு விஷயம். சுகருக்கு கிளைமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ கூட எடுக்குறீங்கன்னா, இப்ப சாப்பாடும் குறைவு, அது மேல குடிச்சா சுகர் திடுதிப்புனு இறங்கும், ஏன்னா சாராயம் உள்ள இருக்கிறப்ப கல்லீரல் புதுசா சர்க்கரை செஞ்சு விட முடியாது. சைட் டிஷ்கூட இறங்காத நாள்ல கிளாஸைத் தொடாதீங்க. லோ சுகரும் போதையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், வீட்டுல இருக்கிறவங்க தூங்கட்டும்னு விட்டுடுவாங்க, அதனால அவங்களுக்கு இதை சொல்லி வைங்க, குளுக்கோமீட்டரும் கைல இருக்கட்டும். மேல் வயித்துல முதுகு வரைக்கும் இழுக்குற வலி வந்து நிக்காம இருந்தா கேஸ்னு நினைச்சு ஜெலுசில் குடிச்சுட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, குடி மட்டும் இல்லாம பாட்டு, பேத்தி, வேலைன்னு எதுலயுமே ஈடுபாடு இல்லாம போனா அதை உங்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அண்ணன் விஷயத்துல இப்ப செய்யக்கூடியது: தெளிவா இருக்கிற நேரம்னு ஒண்ணு இருந்தா, காலைல முதல் கிளாஸுக்கு முன்னாடியோ பின்னாடியோ, தெளிவா பேசுற அந்த பத்து நிமிஷத்துல குடியைப் பத்தி பேசாம "உடம்பு இளைச்சுட்டே போகுதே, ஒரு ரத்த டெஸ்ட் எடுப்போமா"ன்னு மட்டும் கேளுங்க. டீ-அடிக்‌ஷன்னு சொன்னா வராதவர்கூட வயித்து டாக்டர்னா வருவார், நிறைய பேர் எங்ககிட்ட வர்ற வழியே அதுதான். கல்லீரல் டெஸ்ட், ரத்த அணுக்கள், கிட்னி, சுகர் பாத்துட்டு அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லலாம். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, காசு ஒரு தடையா இருக்காது. அவர் வரவே மாட்டேன்னாலும் நீங்களும் அண்ணியும் மட்டும் போய் ஒரு தடவை பேசலாம், அதுக்கு அவர் சம்மதம் வேண்டியதில்ல, அண்ணிக்கு அது ரொம்ப தேவைப்படும். போன்ல முதல்ல பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், கட்டணம் இல்ல. அதுவரைக்கும் அவரை வீட்டுல பூட்டி வச்சு நிறுத்தப் பாக்காதீங்க, நடுக்கமோ ஃபிட்ஸோ உளறலோ வந்தா 108 கூப்பிடுங்க, எத்தனை மணிக்கு கடைசியா குடிச்சார்னு மட்டும் குறிச்சு வச்சுக்கிட்டு அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க.